நாசா பயணத்துக்கு மூன்றரை லட்சம் கட்டலாமா?

வாசகர் கேள்வி, 6 பிப்ரவரி 2025

மகள் எட்டாம் வகுப்பு, தனியார் பள்ளி. கோடை விடுமுறையில் அமெரிக்காவுக்கு 'நாசா கல்விப் பயணம்' கூட்டிப் போகிறார்களாம். பத்து நாள், மூன்றரை லட்சம். சான்றிதழ் கிடைக்கும், பின்னால் இஸ்ரோ வேலைக்கும் வெளிநாட்டுப் படிப்புக்கும் உதவும் என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னார்கள். அவளுக்கு ராக்கெட் என்றால் உயிர். வீட்டுக்காரர் நகையை வைக்கலாம் என்கிறார். கட்டலாமா?

6 பிப்ரவரி, இரவு

நகையை வைக்காதீங்க. மீதி நாளைக்கு எழுதுகிறேன், விடைத்தாள் கட்டு காத்துக்கிடக்கு.

7 பிப்ரவரி

நான் பணகுடிப் பக்கம் அரசுப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறவன். மகேந்திரகிரியில் இஸ்ரோவின் ராக்கெட் என்ஜின் சோதனை நடந்தால் சத்தம் எங்கள் ஊர் வரை வரும். அதனாலேயே வருஷத்துக்கு நாலு பெற்றோராவது "பையன் இஸ்ரோவுக்குப் போகணும் சார், எதில் சேர்க்க?" என்று கேட்டு வருவார்கள். அதனால் இந்தச் சங்கதியெல்லாம் கொஞ்சம் துருவி வைத்திருக்கிறேன்.

நாசா பயணம் என்று சொல்லி பெரும்பாலும் கூட்டிப் போவது ஃப்ளோரிடாவில் கென்னடி விண்வெளி மையத்தின் பார்வையாளர் வளாகத்துக்கு. யார் வேண்டுமானாலும் டிக்கெட் வாங்கி உள்ளே போகலாம். அதை நடத்துவதே நாசாவிடம் ஒப்பந்தம் எடுத்த தனியார் நிறுவனம். இன்னொன்று அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில் 1982 முதல் நடக்கும் ஸ்பேஸ் கேம்ப். நல்ல முகாம்தான், பிள்ளைகள் ரசிப்பார்கள். ஆனால் அதை நடத்துவது அந்த மாநில அரசின் அருங்காட்சியகம். அங்கே தரும் சான்றிதழில் இருப்பது அவர்கள் கையெழுத்து. நாசாவில் பயிற்சி மாணவராகச் சேர அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், அந்தக் கதவு நமக்கு மூடியே இருக்கிறது.

இஸ்ரோ வேலைக்கு உதவுமா என்றால், அவர்கள் பொறியாளர் பணி விளம்பரத்தை எடுத்துப் பாருங்கள். பி.இ.யில் முதல் வகுப்பு, 65 சதவீதம் அல்லது 6.84 சி.ஜி.பி.ஏ., பிறகு எழுத்துத் தேர்வு, நேர்காணல். எட்டாம் வகுப்பில் எங்கே சுற்றுலா போனீர்கள் என்று கேட்கும் கட்டம் அதில் எங்கேயும் இல்லை.

8 பிப்ரவரி

"அப்படியானால் அங்கே போகவே கூடாதா?" என்று ஒருவர். தாராளமாகப் போங்க, சுற்றுலா என்று சொல்லிப் போங்க. மெரினாவுக்குப் போய்ச் சுண்டல் தின்றுவிட்டு கடலியல் சான்றிதழ் வாங்கி வராமல் இருந்தால் சரி.

26 பிப்ரவரி

யுவிகா பதிவு திறந்துவிட்டது. மார்ச் 23 வரை.

தெரியாதவர்களுக்கு: இது 2019-ல் இஸ்ரோ தொடங்கிய பள்ளி மாணவர் திட்டம். இரண்டு வாரம், மே விடுமுறையில். திருவனந்தபுரம், ஸ்ரீஹரிகோட்டா, பெங்களூரு, அகமதாபாத், ஹைதராபாத், ஷில்லாங், டேராடூன் ஆகிய இடங்களில் உள்ள மையங்களில் ஒன்றில் தங்கிப் படிக்கணும். தங்க இடம், சாப்பாடு, பாடப்பொருள் எல்லாம் இஸ்ரோ செலவு. பிள்ளைக்கும் துணைக்குப் போகும் பெற்றோர் ஒருவருக்கும் ரயில் கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள், இரண்டடுக்கு ஏசி வரைக்கும். அந்த வருடம் ஜனவரி 1 அன்று ஒன்பதாம் வகுப்பில் இருக்கணும் என்பதுதான் முக்கியமான விதி. கேள்வி கேட்ட அம்மா கவனிக்க: உங்கள் பெண்ணுக்கு இந்த வருடம் இல்லை, அடுத்த வருடம்.

தேர்ந்தெடுக்கும் முறைதான் என்னை யோசிக்க வைக்கிறது. எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50. இணையத்தில் ஒரு வினாடி வினா, அதற்கு 10. ஊராட்சிப் பகுதிப் பள்ளியில் படித்தால் 15. மீதி 25-ஐ அறிவியல் கண்காட்சி, ஒலிம்பியாட், விளையாட்டு, சாரணர், என்.சி.சி. எல்லாம் பங்கு போட்டுக்கொள்ளும். ஒலிம்பியாட் என்ற பேரையே கேள்விப்படாத பிள்ளைகள் என்னிடம் நிறைய. முதல் தடவை படித்தபோது "இதுவும் டவுன்காரனுக்குத்தான்" என்று புலம்பினேன். பிறகு கூட்டிப் பார்த்தால், ஒலிம்பியாட் மெடலை விட ஊராட்சிப் பள்ளி முகவரிக்கு மதிப்பு அதிகம். கிராமத்துப் பிள்ளை ஒரு மாவட்டக் கண்காட்சியில் மட்டும் கலந்துகொண்டிருந்தால் கூட கணக்கில் தெம்பாக நிற்கும்.

எங்கள் பிள்ளைகள் தோற்பது வேறு இடத்தில். கண்காட்சிக்குப் போயிருப்பாள், பரிசும் வாங்கியிருப்பாள், சான்றிதழ் கிடைத்திருக்காது. கிடைத்திருந்தால் அதைப் பள்ளி பீரோவில் யாரோ பத்திரமாக வைத்துப் பூட்டியிருப்பார்கள். போன வருடம் ஒரு பெண்ணுக்காக மூன்று பீரோ திறந்தோம், கடைசியில் சான்றிதழ் வருகைப் பதிவேட்டுக்குள் இருந்தது.

27 பிப்ரவரி

"யுவிகா போய்வந்தால் இஸ்ரோவில் வேலை நிச்சயமா?" என்று ஒருவர். நிச்சயம் என்று இல்லை. இஸ்ரோவே அப்படிச் சொல்லவில்லை. டியூஷன் சென்டர் நோட்டீஸில்தான் அப்படி இருக்கும்.

14 மார்ச்

தனி மடலில் ஒருவர்: பையன் பிளஸ் டூ, ஏரோநாட்டிக்கல் சேர்க்கலாமா, வாசலில் நிஜ விமானமே நிறுத்தி வைத்திருக்கிற கல்லூரி ஒன்று இருக்கிறது என்கிறார். அந்த விமானம் கடைசியாக எப்போது பறந்தது என்று கேளுங்கள்.

விளையாட்டு போகட்டும். இஸ்ரோ ஆள் எடுக்கும்போது பெரும்பாலும் கேட்பது மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ். ஏரோ படித்தவருக்கு விளம்பரம் வருவது அபூர்வம். இப்போதைய தலைவர் நாராயணன் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து மேலக்காட்டுவிளைக்காரர். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, பி.இ.க்கு நிகரான ஏ.எம்.ஐ.இ. தேர்வு எழுதி, 1984-ல் இஸ்ரோவில் சேர்ந்த பிறகுதான் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் கிரையோஜெனிக் எம்.டெக். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் விழுப்புரம் வீரமுத்துவேலும் மெக்கானிக்கல் டிப்ளமோவில் ஆரம்பித்தவரே. ஆதித்யா எல்-1-ஐ நடத்திய நிகர் ஷாஜி செங்கோட்டை, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ். ஏரோ படித்து மேலே வந்தவர்களும் உண்டு, கலாமும் சிவனும் குரோம்பேட்டை எம்.ஐ.டி. ஆனால் அந்தக் கல்லூரியில் 1949-லிருந்து இந்தப் படிப்பு நடக்கிறது. புறவழிச்சாலை ஓரம் நேற்று முளைத்த கல்லூரியை அதோடு வைத்துப் பார்க்க முடியாது.

நேர்வழி என்று ஒன்று உண்டு: திருவனந்தபுரம் வலியமலையில் இஸ்ரோவை ஒட்டி 2007-ல் வந்த ஐ.ஐ.எஸ்.டி. அதற்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுதணும். ராக்கெட் மேல் ஆசையுள்ள பிள்ளைக்கு மூன்றரை லட்சம் செலவழித்தே ஆகணும் என்றால் பதினொன்றிலும் பன்னிரண்டிலும் கணக்குக்குச் செலவழியுங்கள்.

15 மார்ச்

நேற்று விட்டுப்போனது. ஐ.டி.ஐ. பற்றி யாருமே கேட்பதில்லை, அதனால் நானே சொல்கிறேன். ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரானிக் மெக்கானிக் முடித்த பிள்ளைகளை இஸ்ரோ மையங்கள் டெக்னீசியனாக எடுக்கின்றன. பத்தாம் வகுப்பும் ஐ.டி.ஐ.யும் தகுதி. டிப்ளமோவுக்கு டெக்னிக்கல் அசிஸ்டென்ட். மத்திய அரசு வேலை, கையில் தொடுவது நிஜ ராக்கெட். இதைப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னால் "எம்புள்ள ஸ்பானர் பிடிக்கவா சார் படிக்கான்?" என்கிறார்கள். ஸ்பானர் பற்றி ஒரு கதை இருக்கிறது, நேரம் வரும்போது சொல்கிறேன்.

12 ஏப்ரல்

"விமர்சனம் மட்டும் செய்கிறீர், நீர் என்ன செய்தீர்?" என்று கேட்ட நண்பருக்கு.

செய்தது, செயற்கைக்கோள் அனுப்பும் படத்தை வாங்க ஒரு ஆன்டெனா. ஹார்டுவேர் கடையில் அலுமினியக் கம்பி, 53.4 சென்டிமீட்டரில் இரண்டு துண்டு. எலக்ட்ரீசியன் பயன்படுத்தும் பிளாஸ்டிக் கனெக்டரில் இரண்டையும் முடுக்கி, நடுவில் 120 டிகிரி வருகிற மாதிரி 'வி' வடிவத்தில் விரித்து, ஒரு பலகையில் படுக்க வைத்து, பள்ளி மொட்டை மாடியில் வடக்கு-தெற்காக வைத்தோம். கேபிள் டி.வி. ஒயர் கீழே லேப்டாப்புக்கு. நடுவில் ரேடியோ அலையை வாங்கி லேப்டாப்புக்குக் கொடுக்கும், பென்டிரைவ் மாதிரி இருக்கும் எஸ்.டி.ஆர். டாங்கிள், எல்லாவற்றிலும் விலை கூடியது அதுதான், அதுவே சில ஆயிரம். மென்பொருள் இலவசம்.

நோவா-19 என்று அமெரிக்க வானிலை செயற்கைக்கோள். சுமார் 850 கிலோமீட்டர் உயரம், 137.1 மெகாஹெர்ட்ஸ். தலைக்கு மேல் போகும்போது கால் மணி நேரம் வரை கேட்கும். முதலில் வெறும் இரைச்சல். பிறகு அதற்குள்ளிருந்து டிக்-டாக், டிக்-டாக் என்று நொடிக்கு இரண்டாக ஒரு சத்தம் கிளம்பும். ஒவ்வொரு தட்டும் படத்தில் ஒரு வரி. திரையில் வரி வரியாக இறங்கியது. மேகம், மேகம், மறுபடி மேகம், பிறகு கருப்பாகக் கடல், அதில் இலங்கை முழுசாக. மன்னார் வளைகுடாவைப் பார்த்ததும் ஒருத்தன் "ஏல, நம்ம உவரி!" என்று கத்தினான். அந்தப் படத்தில் உவரியெல்லாம் தெரியாது, ஒரு புள்ளிக்கே நாலு கிலோமீட்டர். நான் திருத்தவில்லை. தண்ணித் தொட்டி மறைத்த திசையில் மட்டும் படம் கோடு கோடாகக் கிழிந்திருந்தது. அது ஏன் என்று ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருத்தனே சொல்லிவிட்டான்.

ஒரு பெண் கேட்டாள்: "சார், இதுக்குப் பாஸ்வேர்ட் கிடையாதா?"

கிடையாது. அமெரிக்கா அனுப்பும் படம், பணகுடியில் எட்டாம் வகுப்பு மாணவி இலவசமாக இறக்கலாம். அதை நம்ப அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

13 ஏப்ரல்

ஸ்பானர் கதை. மேலே சொன்ன அதே நோவா-19.

2003 செப்டம்பரில், கலிஃபோர்னியாவில் சன்னிவேல் தொழிற்சாலையில் அது கட்டி முடியும் நிலையில் இருந்தது. நிமிர்ந்து நின்றதைப் படுக்க வைக்க ஒரு வண்டியில் ஏற்றிச் சாய்த்தார்கள். செயற்கைக்கோள் நழுவித் தரையில் விழுந்தது. ஏன்? அதை வண்டியோடு பிணைக்க வேண்டிய 24 போல்ட்டும் அங்கே இல்லை. வேறு வேலைக்கு யாரோ கழற்றியிருக்கிறார்கள், பதிவேட்டில் எழுதவில்லை. மாட்டியிருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டியவர்களும் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்கள். பழுது பார்க்க 13.5 கோடி டாலர். 2009 பிப்ரவரியில்தான் மேலே போனது.

இதைச் சொன்ன அன்றைக்கு ஆய்வகத்தில் திருகு ஒழுங்காக முடுக்கியிருக்கிறதா என்று பிள்ளைகள் தானாகவே பார்த்தார்கள். மறுநாள் பார்க்கவில்லை. அது வேறு விஷயம்.

20 மே

நேற்று முன்தினம் அதிகாலை இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. சி-61 ராக்கெட் தோற்றது. மூன்றாம் நிலை மோட்டாரில் அழுத்தம் குறைந்து இ.ஓ.எஸ்-09 செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை எட்டவில்லை. அடுத்த நாள் யுவிகா தொடங்கியது. போன பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல முதல் பாடம் அமையாது என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே விஞ்ஞானிகள் அதைப் பற்றி அவர்களிடம் பேசினால் நல்லது. பேசாமல் பழைய வெற்றிப் படங்களையே ஓட்டினால் வாய்ப்பு போச்சு.

எங்கள் பள்ளியில் விண்ணப்பித்தவர்கள் யாருக்கும் இந்த வருடம் கிடைக்கவில்லை. கேட்பதற்கு முன்னால் சொல்லிவிட்டேன்.

21 மே

"அரசுப் பள்ளிப் பெண்கள் செய்த செயற்கைக்கோளும் இப்படித்தானே விழுந்தது, பிள்ளைகளை வைத்து இதெல்லாம் தேவையா?" என்று ஒருவர். கொஞ்சம் பொறுங்கள்.

ஆசாதிசாட். சென்னை ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா நிறுவனம் ஒருங்கிணைத்தது. நாடு முழுக்க 75 அரசுப் பள்ளிகள், 750 மாணவிகள், மதுரை மாவட்டத்துத் திருமங்கலம் அரசுப் பெண்கள் பள்ளியும் அதில் உண்டு. எட்டு கிலோ எடை. 2022 ஆகஸ்ட் 7 அன்று இஸ்ரோவின் சின்ன ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் பயணத்தில் ஏறியது. கோளாறு ராக்கெட்டில். இரண்டாம் நிலை பிரியும்போது வந்த அதிர்வில் வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானிகளின் அளவு கொஞ்ச நேரம் எல்லை தாண்டியது. கணினி அவை கெட்டுப்போனதாக முடிவு கட்டி மாற்று வழிக்குத் தாவியது. 356 கிலோமீட்டர் வட்டத்தில் விட வேண்டியதை 356-க்கு 76 என்ற நீள்வட்டத்தில் விட்டது. 76-ல் காற்று உண்டு, எந்தச் செயற்கைக்கோளும் அங்கே தாங்காது.

ஆறு மாதத்தில், 2023 பிப்ரவரி 10 அன்று, ஆசாதிசாட்-2 இரண்டாவது எஸ்.எஸ்.எல்.வி.யில் 450 கிலோமீட்டருக்குப் போய்ச் சேர்ந்தது. செய்தித்தாளில் முதல் செய்தி பெரிசாக வந்தது, இரண்டாவது உள்பக்கத்தில். உங்கள் நினைவில் முதலாவது மட்டும் தங்கியதில் ஆச்சரியமில்லை.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளணும். 750 பேர் செய்தார்கள் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பள்ளிக்குக் கிடைத்தது சுமார் 50 கிராம் எடையில் ஒரு சிறு கருவி, பெரிய வேலை நிறுவனத்து ஆட்களுடையது. ஒரு பிள்ளை சென்சாரைப் பலகையில் சொருகி, நிரலை ஏற்றி, வெப்பநிலை எண் திரையில் வருவதைப் பார்த்திருந்தால் எனக்குப் போதும். ஃபோட்டோவுக்கு மட்டும் கோட்டுப் போட்டு நின்றிருந்தால் அதற்கு நாசா பயணமே மேல், ஐஸ்கிரீமாவது கிடைக்கும்.

8 ஜூன்

முதலில் கேள்வி கேட்ட அம்மா திரும்ப எழுதியிருக்கிறார்கள். பணம் கட்டவில்லை. தோழிகள் போய் வந்து படங்களைக் காட்ட, பெண் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாளாம். "நீங்கள் சொன்னதால்தான் சார்" என்று முடித்திருக்கிறார்கள். நன்றியா குறையா தெரியவில்லை.

இதை நான் சும்மா தள்ளிவிட முடியாது. என் தங்கை மகன் அமெரிக்காவுக்கு வேலைக்குப் போனவன் குடும்பத்தோடு கென்னடி வளாகத்தைப் பார்த்துவிட்டு எனக்கு ஃபோன் போட்டான். படுக்க வைத்திருக்கும், நிலாவுக்கு ஆள் அனுப்பிய சாட்டர்ன்-5 ராக்கெட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தானாம், 110 மீட்டர். "மாமா, புத்தகத்துல பார்த்தது ஒண்ணுமே இல்ல." கணக்கே பிடிக்காதவன். அளவை உடம்பால் உணர்வது என்று ஒன்று இருக்கிறது, அதை நான் வகுப்பில் தர முடியாது. அதனால் பார்ப்பது வீண் என்று சொல்லவில்லை. பொய் சொல்லி விற்பதும் கடன் வாங்கிப் போவதும்தான் எனக்கு ஒப்பவில்லை.

அளவைப் பார்க்க நம் பக்கமே வழி உண்டு. ஸ்ரீஹரிகோட்டாவில் 2019 முதல் பொதுமக்கள் ஏவுதலைப் பார்க்க மாடம் இருக்கிறது. இணையத்தில் பதியணும், திறந்ததும் தட்கல் டிக்கெட் வேகத்தில் தீர்ந்துவிடும். சென்னை சென்ட்ரலிலிருந்து சூலூர்பேட்டைக்கு ரயில். ஏவுதல் தள்ளிப்போனால் சூலூர்பேட்டையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான், அதற்கும் தயாராகப் போங்க. தென்மாவட்டக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பா இன்னும் பக்கம். மேரி மகதலேனா தேவாலயம்தான் அங்கே அருங்காட்சியகம். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் கிளம்பிய இடம் அது, நைக்-அப்பாச்சி, அமெரிக்காவிலிருந்து வந்தது. அடையாள அட்டை மறக்காதீங்க, வாசலில் திருப்பி அனுப்புவார்கள்.

குலசேகரப்பட்டினம் ஏவுதளம் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து தெற்கே நேராக விடலாம், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, வடக்கு-தெற்காகச் சுற்றும் துருவப் பாதைக்கு விட்டால் இலங்கையைச் சுற்றி வளைத்து எரிபொருளை வீணாக்கணும். சின்ன ராக்கெட்டுக்கு அந்த வளைவு பெரிய நஷ்டம். எங்கள் பிள்ளைகளுக்கு ஏவுதளம் பேருந்து தூரத்தில் வரப்போகிறது. அதனால் அவர்களுக்கு வேலையும் வருமா என்றால், இப்போதைக்கு வந்திருப்பது ரியல் எஸ்டேட் பலகைகள்.

24 ஆகஸ்ட்

நோவா-19-ஐ அணைத்துவிட்டார்கள். நோவா-18 ஜூன் மாதமே போச்சு, நோவா-15-உம் இந்த மாதம் முடிந்தது. டிக்-டாக் இனி கேட்காது. பிள்ளைகள் "சார் பேட்டரி தீர்ந்துட்டா?" என்று விசாரித்தார்கள். நோவா-15 விண்ணுக்குப் போனது 1998-ல், அவர்களுடைய அம்மாக்கள் பள்ளியில் படித்த காலம்.

ஆன்டெனாவை இறக்க வேண்டாம். ரஷ்யாவின் மெட்டியோர் வானிலை செயற்கைக்கோள் வரிசை அதே 137 மெகாஹெர்ட்ஸ் பக்கம் அனுப்புகிறது. அது டிஜிட்டல், அதனால் சுபாவம் வேறு. நோவாவில் சமிக்ஞை மங்கினால் படம் மங்கும், இதில் ஒன்று பளிச்சென்று வரும், இல்லை கருப்புப் பட்டை. எங்களுக்கு இதுவரை கருப்புப் பட்டைதான் அதிகம். தொட்டியிலிருந்து தள்ளி வைத்த பிறகு பரவாயில்லை.

மழைக்காலத்தில் மாடிக்கு ஏற முடியாதவர்களுக்கு வேறு ஒன்று: டெக்சாஸில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஐ.ஏ.எஸ்.சி. என்ற குறுங்கோள் தேடல் நடக்கிறது, காசு கிடையாது. ஒரே வானத்தை இடைவெளி விட்டு எடுத்த நாலு படம் தருவார்கள். மாற்றி மாற்றிக் காட்டினால் நட்சத்திரங்கள் அசையாது, ஒரு புள்ளி மட்டும் நகரும். அதைக் குறித்து அனுப்பணும். பிறகு பேப்பரில் 'குறுங்கோள் கண்டுபிடித்த மாணவி' என்று வந்தால் மட்டும் கொஞ்சம் நிதானம். அனுப்பும் முதல் அறிக்கை அத்தனையும் ஆரம்பக் குறிப்பு, அது உறுதியாகி எண் கிடைக்கப் பல வருடம் ஆகும்.

25 ஆகஸ்ட்

டாங்கிள் பற்றிக் கேட்டவர்களுக்கு மொத்தமாக. பழைய லேப்டாப் போதும். உலோக உறை போட்ட டாங்கிளாகப் பாருங்கள், மலிவான பிளாஸ்டிக் டப்பா நம் வெயிலில் சூடேறி அலைவரிசை நகரும். கேபிளை முடிந்தவரை குட்டையாக வையுங்கள். இடி வரும் நாளில் மாடியில் ஆன்டெனாவை விடாதீங்க. லேப்டாப் சார்ஜரைச் சொருகி வைத்துக்கொண்டு பதிவு செய்தால் இரைச்சல் கூடும், பேட்டரியில் ஓட்டுங்கள்.